சவுக்கும் எழுத்தும்



ஒருவன் மற்றவர்களை அடக்கி ஆள்வதற்குப் பலந்தான் காரணம் என்று நம்மில் பலர் கருதுகிறார்கள். அது சரியா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1860-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களுக்கு எஜமானர்களோ சுமார் 4 லட்சம் பேர்தான். பத்துப் பேரை ஒருவன் வெறும் சவுக்கைக் கொண்டே எத்தனை நாளைக்கு அடக்கிவைக்க முடியும்? முடியாதென்பது எஜமானர்களுக்கே தெரியும். ஆகவேதான் 1830-ல் வட கரோலினா மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வெள்ளையனுக்கு அபராதம் அல்லது சிறை. அடிமையே சொல்லிக்கொடுத்தால் 39 சவுக்கடி. படித்தால் அவர்கள் மனதில் அதிருப்தி உண்டாகிக் கலகம் விளையும் என்று அச்சட்டமே காரணம் கூறிற்று. ஆனால் கணக்கு மாத்திரம் கற்பிக்கலாமாம்! ஏனெனில், கணக்கு எஜமானனுக்கு உதவும். எழுத்தோ அடிமைக்கே உதவிவிடும்.

பிரெடரிக் டக்ளஸ் என்னும் அடிமைச் சிறுவனுக்கு எஜமானியம்மாள் எழுத்துக் கற்பித்தாள். எஜமானன் தடுத்தான். அப்பொழுதே அச்சிறுவனுக்கு விடுதலையின் வழி விளங்கிவிட்டது. தெருவில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்துப் படிப்பை வாங்கினான். 1838-ல் தப்பியோடி, பேச்சாலும் பத்திரிகையாலும் அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடினான். 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

ஆதலால் தோழர்களே, எதைப் படிக்காதே, எதைக் கேட்காதே என்று ஒருவன் உங்களைத் தடுக்கிறானோ, அங்கேதான் அவனுடைய அதிகாரத்தின் வேர் இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். அதையே முதலில் கேளுங்கள்.