சங்கிலி: ஒரு பெண் பெயரின் கதை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கல்லூரி நினைவுகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்றார் செயலாளர். கேன்டீன் போண்டாவைப் பற்றியும், பரீட்சைக்கு முதல் நாள் இரவைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது என் பெயர் ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1980 ஜூன் மாதம், முதல் நாள் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தார்கள். "எம். சங்கிலி" என்று கூப்பிட்டதும் நான் எழுந்து "எஸ் சார்" என்றேன். ஆசிரியர் நிமிர்ந்து பார்க்காமலே, "உன்னை இல்லைம்மா, உட்காரு. சங்கிலி வரலையா?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு 'செயின்' என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குனிந்துகொண்டிருக்கிறார். நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிற பெண் என்று தெரிந்ததும், "நங்கூரத்தை எங்கே விட்டுட்டு வந்தே?" என்று கேட்டார்கள். இரண்டாம் வருஷம், 1982-இல், சிவாஜியோடு பிரபு முதன்முதலாக நடித்த 'சங்கிலி' படம் வந்தது. கேட்கவா வேண்டும்? போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை. எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், ஆபத்துக்கு இழுக்க வேண்டிய பொருளாகவும் என் பெயர்தான் எழுதியிருக்கும். காலையில் பேப்பரைப் பிரித்தால் 'நடந்து சென்ற பெண்ணிடம் சங்கிலி பறிப்பு'.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்டுக்குப்பம் என்பது எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்ததே, அப்போது டிவியில் காட்டிய கறுத்த வலைகளும் படகுகளும் எங்கள் பக்கத்து வலைகளும் படகுகளும்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறிய முதல் நாளே பெயரால் மானம் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

1983-இல் பட்டம் வாங்கியதும் முதல் காரியமாக, அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதற்கான படிவத்தை வாங்கிவந்தேன். 'சங்கீதா' என்று புதுப்பெயரும் எழுதியாகிவிட்டது. அப்பா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு வச்சது உங்க ஆயா. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஆயா கூடையில் மீன் சுமந்துகொண்டு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போய் விற்றவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது நடக்கிற மகிழடி சேவையை ஒரு வருஷம் கூடத் தவறவிட்டதில்லை. நான் பிறந்தது அந்தச் சேவை நடந்த நாளில்தானாம். நான் போய்ச் சொன்னதும் ஆயா, "இன்னாடி, பேர மாத்தப் போறியாமே? சாமியையே மரத்தாண்ட சாட்சிக்கு இட்டாந்தவ பேருடி அது. ஒனுக்குக் கேவலமா இருக்குதா?" என்றாள்.

எந்த மரம், எந்தச் சாட்சி என்று அப்போது எனக்குத் தெரியாது. பி.ஏ. முடித்தவளுக்குத் தெரியாததை மீன்கூடைக்காரி சொன்னாள். அவள் சொன்னதைப் பிற்பாடு பெரியபுராணத்தில் தேடிப் படித்தேன். அவள் ஒரு இடத்திலும் தப்பாகச் சொல்லவில்லை.

கதை இதுதான். செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் வருகிற ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர் சங்கிலியார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திருவொற்றியூருக்கு வந்து, கன்னிமாடத்தில் தங்கி, சுவாமிக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த சுந்தரர் அவரைப் பார்த்தார்; மணமுடித்து வைக்கும்படி சிவபெருமானிடமே கேட்டார். சுவாமி சங்கிலியாரின் கனவில் வந்து சொன்னபோது, அவருக்குத்தான் திருவாரூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதே என்று அந்தப் பெண் கேட்கிறார். கவனியுங்கள், கடவுளிடம் கேட்கிற கேள்வி இது. உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவார் என்கிறார் சுவாமி. இங்கே சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்கிறார். சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் சந்நிதியில் இருக்கக்கூடாது, மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுவாமியிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். சுவாமி சரி என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சங்கிலியாரின் கனவில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்! மறுநாள் சந்நிதி முன்னால் சுந்தரர் தயாராக நிற்கிறபோது, சங்கிலியாரின் தோழிகள், இங்கே வேண்டாம், மகிழ மரத்தடியில் செய்தால் போதும் என்கிறார்கள். வேறு வழியில்லை, சத்தியம் செய்கிறார். பிறகு வசந்தகாலம் வருகிறது. திருவாரூர் நினைவு வந்து, சொன்ன சொல்லை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். கண் இரண்டும் போய்விடுகிறது.

கண்ணில்லாமல் வழிநடந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. அந்தத் திருவெண்பாக்கம்தான் இன்றைய பூண்டி. 1944-இல் நம் சென்னைக்குக் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்களே, அப்போது பழைய கோயிலின் இடம் தண்ணீருக்குள் போய்விட, கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். அந்த அணை நிற்பது கொசஸ்தலை ஆற்றில். அதே ஆறுதான் ஓடி வந்து எங்கள் குப்பத்துப் பக்கத்தில் கடலில் விழுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அந்த ஆற்றை நான் பார்க்கிற பார்வையே வேறு.

இது பின்னால் கட்டிய கதை என்று சிலர் சொல்லலாம். கதையை விடுங்கள், பெயர் பழையதுதான். சுந்தரரே தம் தேவாரத்தில், நம் பக்கத்துத் திருமுல்லைவாயில் பதிகத்தில், சங்கிலிக்காகத் தம் கண்ணைப் பறித்துக்கொண்டதைச் சொல்லி முறையிடுகிறார். அது 8-ஆம் நூற்றாண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று, விழா நாளில் சுவாமி மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க, அரசன் முன்னிலையில் சுந்தரர் புராணம் வாசிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆக, ஆயா வருஷா வருஷம் போய் நின்ற இடத்தில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சோழ ராஜா இருந்திருக்கிறார்.

இனி பொருளுக்கு வருகிறேன். சங்கிலி என்றால் சங்கிலிதான். 'ச்ருங்கலா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மலையாளத்தில் சங்ஙல, இந்தியில் சாங்கல். எங்கள் தமிழ் ஆசிரியர் ஒருவர், "தூய தமிழில் உன் பெயர் தொடரி அம்மா" என்று சிபாரிசு செய்தார். நல்லவேளை, அதையும் மாற்றிக்கொண்டிருந்தால் இன்று ரயில்வேக்காரர்கள் என்னை விட்டிருக்கமாட்டார்கள். பெண்ணுக்கு இரும்புச் சங்கிலியையா பெயராக வைப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். மணிமேகலை என்றால் என்ன? இடுப்பில் அணிகிற நகை. கோதை என்றால்? மாலை. அவற்றை அழகான பெயர் என்கிறோம். கழுத்தில் போடுகிற பொன் சங்கிலி மட்டும் என்ன பாவம் செய்தது? சுந்தரரின் திருவாரூர் மனைவி பரவையார். பரவை என்றால் கடல். குப்பத்துப் பெண்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? ஆனால் நான் ஒரு பரவையைக்கூடப் பார்த்ததில்லை. (பரவை முனியம்மாவைச் சொல்லாதீர்கள், அது மதுரைப் பக்கத்து ஊர்ப்பெயர்.)

இந்தப் பெயர் பெண்களிடமிருந்து எப்படி நழுவியது என்பது என் சொந்த ஊகம். தெற்கே சங்கிலிக் கருப்பன், சங்கிலிப் பூதத்தார் என்று காவல் தெய்வங்கள். அங்கே சங்கிலி என்றால் இரும்பு, பலம், கட்டு. சாமி பெயரை ஆண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் சங்கிலி என்ற பெயரில் அரசர்கள் இரண்டு பேர். 1619-இல் போர்த்துகீசியரிடம் ராஜ்யத்தை இழந்தவர் இரண்டாமவர். அப்புறம் சினிமா. மீசை வைத்த சங்கிலிகள் கூடிக்கொண்டே போக, பூத்தொடுத்த சங்கிலி கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டாள். பரவையாரும் சங்கிலியாரும் அறுபத்துமூவர் வரிசையிலும் இல்லை. சுந்தரரின் அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்கள், மனைவியர் இல்லை. சுந்தரர் திருவாரூர் போனபின் சேக்கிழாரும் அவரோடு போய்விடுகிறார். ஒற்றியூரில் விட்டுவந்த பெண் என்ன ஆனாள் என்பதை நின்று சொல்லவில்லை. கடைசியில், கயிலையில்தான் மறுபடி ஒரு தரம் பார்க்கிறோம். சேக்கிழாரிடம் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இது.

ஆயாவிடம் வருகிறேன். கதையைச் சொல்லி முடித்து ஆயா ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். நான், "சரி ஆயா, அதுக்கு ஏன் எனக்கு அந்தப் பேரு?" என்று கேட்டேன். "உங்க தாத்தன் எனுக்கும் சத்தியம்தான் பண்ணான். கட்டுமரத்துல போறவன் கரைக்கு வந்துடுவேன்னுதானே சொல்லுவான்? வந்தான். காசிமேட்டுல போய்க் கரை ஏறுனான்" என்றாள்.

தாத்தாவுக்குக் காசிமேட்டில் இன்னொரு குடித்தனம் இருந்தது குப்பத்துக்கே தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "தாத்தாவுக்குக் கண்ணு போச்சா ஆயா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஆயா வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க போச்சு? சாவுற வரைக்கும் ஊசில நூலு கோத்தான். அதெல்லாம் சாமி பொண்ணுக்குத்தான் நடக்கும். நம்பளுக்கு மரத்தாண்ட போய் நிக்கத்தான் முடிஞ்சுது. பேராச்சும் வெக்கலாம்னு வெச்சேன். வோணான்னா மாத்திக்கோ."

மாத்திக்கோ என்று அவள் சொன்ன பிறகு எனக்குக் கை வரவில்லை. படிவம் ரொம்ப நாள் டிரங்குப் பெட்டியில் கிடந்து செல்லரித்தது.

முப்பத்தோரு வருஷம் ஆசிரியையாக வேலை பார்த்தேன். பெயரால் வந்த தொல்லைகள் தீரவில்லை. ஒரு தரம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த வெளியூர் போனபோது, ஆண்கள் தங்கும் அறைக் கதவில் என் பெயரை ஒட்டியிருந்தார்கள். ரிசர்வேஷன் சார்ட்டில் 'ஆண்' என்று விழுந்து டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் 'சங்கிலி டீச்சர்' என்று கூப்பிட்டபோது ஒருவரும் சிரித்ததில்லை. முதல் நாளே மகிழ மரத்துக் கதையைச் சொல்லிவிடுவேன். அதிலும் பெண்பிள்ளைகள், சுவாமி கனவில் வந்து காட்டிக்கொடுக்கிற இடத்தை மறுபடி சொல்லச் சொல்லுவார்கள்.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது 'ச' எழுத்தில் பெயர் தேடினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. மகள் புரிந்துகொண்டு, "அம்மா, நீ பட்டது போதாதா?" என்றாள். குழந்தைக்கு சஹானா என்று வைத்தார்கள். நல்ல பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். மாசியில் அவளை மகிழடி சேவைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு மகள் ஒன்றும் சொல்லவில்லை.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவரிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இன்றைய அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியலில் 'திரு. எம். சங்கிலி' என்று அச்சாகியிருக்கிறது. அழைப்பிதழ் போனால் போகட்டும். மலரிலாவது 'திருமதி' என்று போடச் சொல்லுங்கள்.