எழுதாத பேர்

(குன்றத்தூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



நன்கொடை, நிவாரணம் என்று கொடுக்கப்படுவது உரியவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பேசச் சொன்னார்கள். கவிதை எழுதுகிறவன் நான்; வயித்துப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. காசு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தினமும் பார்க்கிற வேலை. அதனால் கூப்பிட்டிருப்பார்கள்.

இது சேக்கிழார் பிறந்த ஊர். அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். பெரியபுராணத்து நந்தனாரைப் பக்தர் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒரு கொடையாளி என்று யாரும் சொல்லவில்லை. ஆதனூர்ச் சேரியிலிருந்து கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். கொடுத்த பொருள் உள்ளே போனது. கொடுத்த ஆள் வெளியே நின்றார். நம்மிடமிருந்து மேலே போகிற கொடை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலேயிருந்து நம்மை நோக்கி வருவதுதான் வழியில் நின்றுவிடுகிறது. ஏன்?

உடனே திருட்டு என்பார்கள். 1985ல் ராஜீவ் காந்தி, ஒரிசாவின் காளஹந்திக்குப் போன சமயத்தில், ஏழைக்கு ஒதுக்குகிற ஒரு ரூபாயில் 15 பைசாதான் போய்ச் சேருகிறது என்றார். இன்றுவரை அந்த 15 பைசாவைப் பற்றியே பேசுகிறோம். இப்போது பல திட்டங்களின் பணம் நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது. நடுவில் கை நீட்டுகிறவனுக்கு இடம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கவுன்டரில் பாஸ்புக்கை நீட்டி, "எம்பேருக்குப் பணம் ஏறியிருக்கா பாருங்க சார்" என்று கேட்கிற அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அனுப்பிய பணம் என்றால் அதற்கு நம்பர் உண்டு, தேதி உண்டு, எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். பட்டியலில் எழுதாமலே விட்ட பேரை எந்தப் பேரேட்டில் தேடுவது?

2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேலே செத்தார்கள். பெரும்பகுதி மீனவ மக்கள். அவர்கள் இழப்புக்கு ஈடே கிடையாது. ஆனால் அதே கரையில் கருவாடு காயவைத்தும், மீன் சுமந்தும், உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்தும் பிழைத்த தலித்துகளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இழந்தது கூலியை. கூலிக்குப் பட்டியலில் ஏது பத்தி? தொண்டு நிறுவனங்கள் பலவும் ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பேர்களை வைத்துத்தான் பொருள் கொடுத்தன. அந்தப் பஞ்சாயத்தில் சேரிக்காரன் இல்லை. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை 2005ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் அறிக்கையும் பதிவு செய்தது. பிணம் எடுக்கவும் குப்பை அள்ளவும் மட்டும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து நம்ம ஆட்களைத் தேடிக் கூட்டிவந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பேரும் விடுபடவில்லை.

நம்ம பக்கத்துக்கே வருவோம். 2015 டிசம்பர் 1, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு ஓரம் முழுக்க வெள்ளம். உலகமெங்கும் இருந்து ஜனங்கள் அள்ளி அனுப்பினார்கள். அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தப் பொட்டலங்களை வழியில் மடக்கி முதலமைச்சர் படம் ஒட்டிய கதை நாடறியும். ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தோம். லாரி எந்தத் தெருமுனையில் நின்றது, அங்கிருந்து காலனி எவ்வளவு தூரம் என்று எத்தனை பேர் கேட்டோம்? அரசு அறிவித்த ஐயாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. குடும்ப அட்டையே வெள்ளத்தில் போனவர்கள், வாடகைக் குடிசையில் இருந்தவர்கள், கணக்கெடுக்க வந்த நேரத்தில் கூலிக்குப் போயிருந்தவர்கள்? பட்டியலில் விடுபட எத்தனையோ வழி இருக்குது தோழர்களே. எல்லா வழியும் ஏழைக்கே வாய்க்கிறது.

இது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. 1921ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடிக்கு மேலே சேர்ந்தது. அதில் தீண்டப்படாதோருக்கென்று ஒதுக்கியது ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை என்று 1945ல் அம்பேத்கர் கணக்கு வைத்தே எழுதினார். 1932ல் உருவான அரிஜன சேவா சங்கத்தின் நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டபோது காந்தி ஒத்துக்கொள்ளவில்லை. இது இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது என்பது அவர் வாதம். நம் பேரில் வசூல், நாம் இல்லாத குழு. இந்த அமைப்பைத்தான் நாம் உடைத்தாக வேண்டும்.

ஏனென்றால் இது இன்றைக்குச் சட்டமாகவே நம் வாசலில் நிற்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் கடைசி மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள். ஆனால் எங்கே செலவழிப்பது என்று யோசிக்கிற குழுவில் கம்பெனி இயக்குநர்கள்தான் இருப்பார்கள். கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. எந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தோம் என்று கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். செலவுக் கணக்கு ஆண்டறிக்கையில் வர வேண்டும். இதுவும் சட்டம்தான். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அதில் சொன்ன ஊருக்கு நடந்து போங்கள். கட்டடம் இருக்கிறதா, ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா, சாவி யார் கையில் என்று பாருங்கள். அரசு நிவாரணமோ தொண்டு நிறுவனமோ, பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சேரியில் வந்து வாசிக்கச் சொல்லுங்கள். 'எம்பேரு எங்க?' என்று ஒருத்தர் எழுந்து கேட்பதற்காகத்தான் அது. குழு போட்டால் சரிபாதி நம்ம தெருப் பெண்கள். கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் அவர்களில் இருந்து.

கொடுக்க வருகிறவர்களை விரட்ட வேண்டியதில்லை. உட்காரச் சொல்லுவோம். பட்டியலை மட்டும் நாம் எழுதுவோம்.