மீன் ஏறின வாய்க்கால்



நான் வட்டக்கோட்டைக்காரன். எங்கள் ஊர் என்றாலே மார்த்தாண்ட வர்மா காலத்தில் டிலனாய் கட்டிய கோட்டையையும் கடலையும்தான் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் வருவது உள்நாட்டுப் பக்கத்து வயலும் குளமும்தான்.

மழை விழுந்து குளம் மறுகால் பாய்ந்தால் விராலும் கெளுத்தியும் வாய்க்கால் வழியே வயலுக்கு ஏறும். ஆழம் குறைந்த தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் கொசுப்புழுவும் பூச்சியும் தின்று வளர்ந்து, தண்ணீர் வடியும்போது குளத்துக்குத் திரும்பும். சிறுமீனை விராலும் நாரையும் தின்னும். விரால் எங்கள் சட்டிக்கு வரும்.

இந்தச் சங்கிலியை அறுத்தது யாரு? நாமதான். வயலில் மண்ணடித்து மனை போட்டோம். வாய்க்காலைத் தூர்த்தோம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபியைக் குளங்களில் விட்டோம். அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். வருஷத்தில் பல தடவை பெருகும். கெண்டையின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மற்றவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. விலங்கியல் பட்டம் வாங்கின நானே அப்பாவின் வயலில் எண்டோசல்பான் அடித்தவன். மறுநாள் காலையில் வரப்போரம் மீன்குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாய் மிதந்தன. "லேய், இதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று அம்மா கேட்டாள். உச்ச நீதிமன்றம் 2011இல் அந்த மருந்தைத் தடை செய்தது. அம்மாவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

2022இல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம்தான். ஆனால், அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் பறவையின் இரையையும் நினைக்க வேண்டும். குளத்தைக் காப்பாற்றிவிட்டு வாய்க்காலை அடைத்தால் மீன் எந்த வழியாக ஏறும்?

நண்பர்களே, நம்மில் பலருக்கு இன்னும் ஊரில் வயல் உண்டு. விற்றாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, மடைவாயை அடைக்க விடாதீர்கள். வெளிநாட்டு மீனைக் கொண்டுவந்து குளத்தில் விடாதீர்கள். என் வயலோரத்து வாய்க்காலைத் தூர்வாரித் திறந்துவிட்டிருக்கிறேன். விரால் இன்னும் ஏறவில்லை. அடுத்த மழைக்குக் காத்திருக்கிறேன்.