தூவி இல்லாத போர்வை

(திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இல்லறத்தில் கொல்லாமை' என்பதாகும். கடல் போன்ற அத்தலைப்பில் ஒரு கையளவு நீரை மட்டுமே இன்று அள்ளப் போகிறேன். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு போர்வை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உணவில் நாம் காட்டும் விழிப்பு ஊரறிந்தது. கிழங்கை விலக்குகிறோம், தேனை விலக்குகிறோம், பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறோம். உடுப்பதிலும் போர்த்துவதிலும் அந்த விழிப்பு அவ்வளவாக இல்லை என்பது என் எண்ணம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் இப்போது மலை நடையில் பெருவிருப்பம் கொண்டிருக்கிறார்கள். பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைகளுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். அதற்குப் போர்வை வேண்டா. ஆனால் ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து உத்தரகாண்டத்துக் கேதார்காந்தாவுக்குப் போகிறார்கள். ஏறத்தாழ 12,500 அடி உயரச் சிகரம் அது. டிசம்பரில் பனியின்மேல் கூடாரமிட்டுத் தங்க வேண்டும். இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அதற்கென்று முதுகுப்பையில் அடங்கும் இலேசான போர்வை ஒன்றை வாங்குகிறார்கள். பெற்றோர் அதன் விலையைக் கேட்கிறோம். பிள்ளைகள் எடையைப் பார்க்கிறார்கள். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

அந்த வகைப் போர்வைகளில் பெரும்பாலும் அடைத்திருப்பது தூவி. இச்சொல் நமக்குப் புதியதன்று. பறவையின் மேலே தெரியும் இறகுக்கு அடியில், மார்பை ஒட்டி, காம்பில்லாமல் பூம்பஞ்சு போல் வளரும் மென்மயிர்தான் தூவி. நெடுநல்வாடையில் வாடைக்காலத்து அரண்மனையில் அரசிக்கு விரித்த படுக்கை அன்னத்தின் தூவியால் ஆனது. ஐவகை அணைகளைச் சொல்லும் பழைய உரைகள் அன்னத்தூவியையும் இலவம்பஞ்சையும் ஒரே வரிசையில் வைக்கின்றன. ஆகவே தூவியின் வெம்மை தமிழர் அறியாத அயல்நாட்டுச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் சிறப்பையும் மறைக்கக் கூடாது. குளிரைத் தடுப்பது துணியன்று. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான். எது குறைந்த எடையில் நிறையக் காற்றைச் சிறைப்பிடிக்கிறதோ அதுவே நல்ல போர்வை. தூவியின் தரத்தை 'ஃபில் பவர்' என்னும் எண்ணால் குறிப்பார்கள். 800 என்றால், ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் தூவி, 800 கன அங்குலம் விரிந்து நிற்கும் என்று பொருள். நம் கணக்கில் அது 13 லிட்டர். ஒரு பெரிய வாளி. கைப்பிடி எடைக்கு ஒரு வாளிக் காற்றைப் பிடித்துவைக்கும் செயற்கை நார் இன்றுவரை வரவில்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளோடு பேச முடியும். 'எல்லாம் ஒன்றுதான், எதையாவது போர்த்திக்கொள்' என்று சொல்லும் தந்தையின் பேச்சை மகன் கேட்கமாட்டான், கேட்கவும் வேண்டியதில்லை.

இனி அது வரும் வழி. சந்தையிலுள்ள தூவியில் மிகப் பெரும்பங்கு, இறைச்சிக்காக வளர்க்கப்படும் வாத்துகளிடமிருந்தும் பெருவாத்துகளிடமிருந்தும் கிடைப்பது. கொன்ற பின் பறிக்கிறார்கள். சில நாடுகளில் உயிரோடிருக்கும்போதே பறித்த கொடுமையும் நடந்திருக்கிறது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2014இல் 'ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்' என்ற சான்றிதழ் முறை வந்தது. உயிரோடு பறிக்கவில்லை, வலிந்து ஊட்டிக் கொழுக்க வைக்கவில்லை என்பதற்கு அது உறுதி தருகிறது. நல்ல முயற்சிதான், ஆயினும் அப்பறவை கொல்லப்படவில்லை என்று அச்சான்றிதழ் எங்கும் சொல்லவில்லை. கடைக்காரர் அந்த முத்திரையைக் காட்டி 'இது அகிம்சைத் தூவி' என்றால், இல்லை என்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் இளைஞர் கூர்மையான கேள்வி ஒன்றை எழுப்பினார். 'ஐயா, நம் முனிவர்கள் கையில் மயிற்பீலி இருக்கிறதே, அதுவும் இறகுதானே?' என்றார். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது கொண்டு சென்றவை பிச்சைப் பாத்திரமும் தோள் உறியும் கைப்பீலியுந்தான். எடை குறைந்த மூட்டை என்று இன்றைய நடையர்கள் பேசுவதை அவர் அன்றே செய்து காட்டிவிட்டார்! இருக்கட்டும். மயில் ஆண்டுதோறும் தன் தோகையைத் தானே உதிர்க்கிறது. மழைக்காலம் முடியும் வேளையில் காட்டில் கிடப்பதைப் பொறுக்கிக் கட்டியதே பீலி. எனவே இறகு என்பதே குற்றமன்று. அது வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கொல்லாமல் கிடைக்கும் தூவி உண்டா என்றால், உண்டு. ஐசுலாந்துத் தீவில் ஈடர் என்றொரு கடல்வாத்து இருக்கிறது. தாய்ப்பறவை தன் மார்புத் தூவியைத் தானே பறித்துக் கூட்டில் பரப்பி முட்டைகளைக் காக்கும். அங்குள்ள குடியானவர்கள் அப்பறவைகளை நரியிடமிருந்து காத்து, கூட்டிலிருந்து தூவியைச் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோ சேர்க்க ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். விலையோ நம்மால் எண்ணிப் பார்க்க முடியாதது; நடைபயணப் போர்வைகளில் அது அநேகமாக இருப்பதில்லை. ஆயினும் சிந்தனைக்குச் சுவையான செய்தி. மயில் உதிர்த்தது அதற்கு வேண்டாதது. ஈடர் பறித்துப் பரப்பியதோ தன் குஞ்சுகளுக்காக. குஞ்சுகள் பொரித்துப் போன பின் எடுத்தால் ஒருவகை. அடைகாக்கும்போதே எடுத்துவிட்டு வைக்கோல் வைத்தால் வேறொரு வகை. கொல்லாமைக்கு இடறில்லை எனினும், கொடாததைக் கொள்ளாமை என்ற விரதத்துக்கு அது இடறு என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களில் யாரேனும் வேறாகக் கருதினால் விழா முடிந்து உணவுக் கூடத்தில் வாதாடுவோம்.

சரி, மாற்று எது? நம் பழைய நண்பன் இலவம்பஞ்சையே முதலில் நினைத்தேன். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு நம் வீட்டுத் தலையணைகளுக்கெல்லாம் வந்ததுதான். அதன் நார் உள்ளே குழலாக வெறுமையாயிருக்கும். நீரும் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ஒருகாலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தார்கள். வீட்டில் கிடக்கும் மெத்தைக்கு அதனினும் நன்று வேறில்லை. மலைக்கு மட்டும் உதவாது. நாள்தோறும் பைக்குள் திணித்து எடுக்கும்போது அந்த நார் ஒடிந்து பொடியாகிக் கட்டி தட்டிவிடும். பருத்தி ரஜாயோ இரண்டு மூன்று கிலோ எடை. ஈரம் ஏறினால் வெம்மை போய்விடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெம்மை தரும், ஆனால் கனம்.

எஞ்சுவது பாலியஸ்டர் நார். கடைத்தெருவில் ரெக்ரான் பஞ்சு என்று வாங்குகிறோமே, அந்தக் குடும்பந்தான். மலைக்குரியது அதனினும் நுண்ணியது. 1980களில் அமெரிக்கத் தரைப்படைக்காக, நனைந்தாலும் வெம்மை குன்றாத தூவி மாற்றாக உருவானதே 'பிரைமாலாஃப்ட்'. 'கிளைமாஷீல்ட்' என்பது பாளமாக வரும் மற்றொரு வகை. உறைநிலைக்குச் சற்றுக் கீழே தாங்கும் தூவிப் போர்வை 600 முதல் 700 கிராம் இருக்குமானால், அதே குளிருக்கு இந்த நார்ப் போர்வை ஒரு கிலோவை நெருங்கும்; பையிலும் கூடுதல் இடம் பிடிக்கும். ஆக, நாம் கொடுக்கும் விலை ஏறக்குறைய முந்நூறு கிராம், ஒரு சொம்பு நீரின் எடைகூட இல்லை. அதைச் சுமக்க நம் பிள்ளைகளால் முடியும்.

பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதையும், துவைக்கும்போது நுண்நார்கள் நீரில் கலக்கும் என்பதையும் நான் மறக்கவில்லை. குற்றமற்ற பொருள் என்று அதைப் போற்றவில்லை. பழைய பிளாஸ்டிக் குப்பிகளை உருக்கிச் செய்த நாரும் கிடைக்கிறது; ஒன்றை வாங்கிப் பல்லாண்டு வைத்துக்கொள்வதும் அடிக்கடி துவைக்காமலிருப்பதும் நம் கையில் உள்ளவை.

ஒன்றில் இது தூவியை வெல்லும். தூவி நனைந்தால் குழைந்து ஒட்டிக் காற்றை விட்டுவிடும். உலர நெடுநேரம் ஆகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வடகிழக்கு மலைகளிலும் மூடுபனி போர்வைக்குள்ளேயே வந்து அமரும். அத்தகைய ஈரமலைகளில் அறம் பாராதவர்க்கும் நார்ப் போர்வையே ஏற்றது.

கடையில் என்ன பார்ப்பது? சீட்டில் 'டவுன்', 'ஃபெதர்', 'டக்', 'கூஸ்' என்ற சொற்களோ 'ஃபில் பவர்' என்ற எண்ணோ இருந்தால் அது பறவையினுடையது. பெயரை நம்பி ஏமாற வேண்டா. பிரைமாலாஃப்டிலேயே தூவி கலந்த வகையும் உண்டு. 'நூறு விழுக்காடு பாலியஸ்டர்' என்று அடைப்பைப் பற்றித் தனியே எழுதியிருக்க வேண்டும். மேல்துணியைப் பற்றி எழுதியதைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. உள்ளுறை பட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் தூவியை விலக்கிவிட்டுப் பட்டு உறையை வாங்கிவிடுகிறார்கள்.

உறங்குபைகளில் மூன்று வெப்ப எண்கள் அச்சிட்டிருப்பார்கள். ஐரோப்பிய அளவுமுறையில் முதலாவது 'கம்ஃபர்ட்', பெண் ஒருவர் இயல்பாக உறங்கக்கூடியது. இரண்டாவது 'லிமிட்', ஆண் ஒருவர் சுருண்டு படுத்துத் தாங்கக்கூடியது. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்', உயிர் பிழைக்க மட்டும் போதுமானது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவதாகவே இருக்கும் என்று எண்ண வேண்டா. முதல் எண்ணைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். அதிலும் போகும் இடத்தின் குளிரைவிட ஐந்து பாகை கூடுதலாகத் தாங்குவதை வாங்குங்கள். திருவள்ளூரில் மார்கழியிலும் பதினெட்டு, இருபது பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். அந்த உடம்புதான் அங்கே போகிறது. பை வடிவில் இல்லாத திறந்த போர்வைக்கு இந்த அளவுமுறை பெரும்பாலும் பொருத்தப்படுவதில்லை, செய்தவர் சொல்லும் எண்ணே நமக்குக் கிடைக்கும். ஆகையால் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

திறந்த போர்வை ஏன் இலேசாக இருக்கிறது என்றால், முதுகின் கீழ் நசுங்கும் அடைப்பினால் பயனில்லை என்று அப்பகுதியையே நீக்கிவிட்டார்கள். அப்போது முதுகைக் காப்பது கீழே விரிக்கும் பாய். அதற்கு 'ஆர் மதிப்பு' என்றோர் எண் உண்டு; பனித்தரைக்கு நான்கு, ஐந்தாவது வேண்டும். இரண்டு பாய்களை அடுக்கினால் இரண்டின் எண்ணும் கூடும். போர்வைக்குப் பல்லாயிரம் செலவிட்டுவிட்டு மெல்லிய யோகாப் பாயில் படுப்பவர்கள் இரவெல்லாம் நடுங்குகிறார்கள்.

தூளிகட்டி உறங்குவோர்க்கு இன்னொரு செய்தி. குழந்தைக்குக் கட்டிய தூளியின் கீழே கைவைத்துப் பார்த்த தாய்மார்களுக்கு இது தெரியும்: துணியின் அடிப்பக்கம் காற்றுப் பட்டுச் சில்லென்றிருக்கும். மரங்களுக்கிடையே கட்டும் பெரிய தூளியிலும் அப்படியே. உள்ளே எத்தனை போர்வை போட்டாலும் முதுகின்கீழ் நசுங்கியது உதவாது. தூளியின் வெளிப்புறம், அடியில் தொங்குமாறு ஒரு போர்வையைத் தளர்த்திக் கட்ட வேண்டும். நம் மாந்தோப்புகளில் தை மாத இரவுக்கு மெல்லிய நார்ப் போர்வை ஒன்றே அடியில் போதும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். குளிர் விளையாட்டன்று, உடல் வெப்பம் தாழ்ந்தால் அறிவு மயங்கும், உயிரும் போகும். மலையில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்கையில் வழிகாட்டி தூவிப் பையை நீட்டினால், அதற்குள் நுழையட்டும். தன்னுயிரும் உயிர்தான். முடிவெடுக்க வேண்டிய இடம் அந்தக் கூடாரமன்று, ஒரு மாதம் முன்னதாக நம் வீட்டுக் கூடம். பயணம் நடத்துவோரில் பலர் உறங்குபையை அவர்களே தருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது, எத்தனை பாகை தாங்கும் என்று எழுதிக் கேளுங்கள். விடை வரவில்லையென்றால் சொந்தப் போர்வையோடு அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும் அதைப் பைக்குள் திணித்துப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். நார் நசுங்கியே கிடந்தால் எழும்பும் வலிமையை இழக்கும். நிழலில் உலர்த்தி, பழைய வேட்டியில் தைத்த பெரிய பையில் தளர்வாக வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஆண்டுக்கொருமுறை பாருங்கள். தோள்பக்கம் மெலிந்து ஒளி தெரிந்தால் அது இனி கொடைக்கானலுக்கு மட்டும், இமயத்துக்கு வேறு.