நாக்கு நுனியில் நிற்கும் சொல்
(சங்கத்தின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



"அவர் பெயர் நாக்கு நுனியில் இருக்கு, வரமாட்டேங்குது." இதைக் கேட்காத வீடு நம் நகரில் இருக்காது. இதற்குக் கூச்சப்பட்டே சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது தேவையில்லை.

1966-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரவுன், மெக்நீல் என்ற இரு ஆய்வாளர்கள், அரிய சொற்களின் பொருளை மாணவர்களிடம் படித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்கள் பலமுறை அதன் முதல் எழுத்தையும், எத்தனை அசை என்பதையும் சரியாகச் சொன்னார்கள். ஆக, இளைஞர்களுக்கும் இது உண்டு. சொல் தொலைவதில்லை, அதை எட்டும் வழிதான் அடைபடுகிறது.

நம் முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மண்டல புருடர் அதில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று இனவாரியாகச் சொற்களை அடுக்கினார். பல பொருள் தரும் சொற்களை மட்டும் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்துத் தொகுத்தார். 1594-இல் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தார். கையால் எழுதிய பழைய வங்கிப் பேரேட்டிலும் அப்படித்தான்: கணக்கு எண் தெரியாமல் வருபவருக்காகப் பெயர் வரிசைப் பதிவேடு ஒன்று தனியாக இருந்தது.

மனத்திலும் பல வரிசைகள் உண்டு. மீஞ்சூருக்கு அடுத்து என்ன என்றால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று மளமளவென வரும். தலைகீழாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுவோம்.

ஆட்களின் பெயர்தான் அதிகம் நழுவும். தையல்காரர் என்றால் துணி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் சேர்ந்து நினைவுக்கு இழுத்து வரும். பெயருக்கு அப்படிப் பிடிமானம் இல்லை.

எனவே, சொல் வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். அவரை எங்கே, யாருடன் பார்த்தோம் என்று யோசியுங்கள். அ, ஆ என்று எழுத்து வரிசையில் தேடுங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள், பிறகு தானே வரும். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தாத்தா, பாட்டி சொல்லைத் தேடும்போது சற்றுப் பொறுங்கள்.

ஆனால் சாவியின் பெயர் மறப்பது வேறு, சாவி எதற்கு என்பதே மறப்பது வேறு. பின்னதென்றால் மருத்துவரைப் பாருங்கள். திடீரெனப் பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.