இடாப்பில் விடுபட்ட பெயர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் இங்கு படித்தது தொண்ணூறுகளில். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அம்மம்மா காலமான செய்தி கொழும்பிலிருந்த மாமாவுக்குப் போய்ச்சேர மூன்று கிழமை எடுத்தது. அந்த நாள்களில் எங்கள் வகுப்பு ரீச்சர் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது, வராத பிள்ளையின் பெயரைத் தாண்டிப் போகமாட்டார். "அவள் எங்கே? ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்பார். பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த பெயர்.

இணையத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது எனக்கு நினைவில் வந்தது அந்த இடாப்புத்தான்.

இணையம் எப்படி ஆளப்படவேண்டும் என்று பேச, உலக நாடுகள் ஆண்டுதோறும் இணைய ஆளுகை மன்றத்தில் கூடுகின்றன. அப்படியொரு மன்றம் வேண்டும் என்று முடிவெடுத்தது, 2005 நவம்பரில் தூனிசியாவில் நடந்த ஐக்கிய நாடுகள் உச்சிமாநாடு. அதன் தொடக்க அமர்வில் சுவிற்சர்லாந்தின் சனாதிபதி, இணையத்தில் அரசை விமர்சித்த குடிமக்களைச் சிறையில் அடைக்கும் நாடுகளைக் கண்டித்துப் பேசினார். தூனிசியத் தொலைக்காட்சி அந்த உரையின் நேரடி ஒளிபரப்பை இடையில் துண்டித்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அந்த நாட்டு மக்களுக்குக் கேட்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் இறுதியில், அந்த மன்றம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கூடியது. எல்லா மக்களுக்கும் இணையம் கிடைக்கவேண்டும் என்பது அங்கு பேசப்பட்ட முக்கிய விடயங்களில் ஒன்று. அதே நாட்டின் வடக்கே, திக்ரேப் பிராந்தியத்தில், 2020 நவம்பரில் போர் தொடங்கியபோது துண்டிக்கப்பட்ட தொலைபேசியும் இணையமும் பெரும்பாலான இடங்களுக்குத் திரும்பியிருக்கவில்லை. அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 60 இலட்சம் பேர். சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி நான்கு கிழமைகள்தான் ஆகியிருந்தன.

நான் சில அமர்வுகளை வீட்டிலிருந்து இணையவழியாகப் பார்த்தேன். மனம் போனது திக்ரேயின் மெக்கெல்லே நகரிலுள்ள அய்டர் வைத்தியசாலைக்கு. இன்சுலின் தீர்ந்துபோகிறது, காலாவதியான மருந்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று அங்குள்ள வைத்தியர்கள் அரும்பாடுபட்டு வெளியுலகுக்குத் தெரிவித்திருந்தார்கள். கருத்துச் சுதந்திரம் என்றால் பெரிய மேடைப் பேச்சு என்று நினைத்திருந்தேன். "என் நோயாளிக்கு மருந்து இல்லை" என்று சொல்ல முடிவதும் அதுதான் என்று அன்று விளங்கியது.

பொய்யும் வெறுப்பும் இணையத்தில் பரவுகின்றனவே என்று கேட்பீர்கள். உண்மை. எங்கள் நாட்டிலும் 2018 மார்ச்சில் கண்டியில் வன்முறை நடந்தபோது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரலிலும் முடக்கப்பட்டன. அந்தத் தடவை மக்கள் ஆயத்தமானது அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்கு. இரத்தம் பீறிடும் காலை நாங்களும் இறுகக் கட்டுவோம். ஆனால் கட்டிய நேரத்தைக் குறித்துவைப்போம். கட்டிவிட்டு மறந்தால் காலே போய்விடும். திக்ரேயில் இரண்டு ஆண்டுகள் கட்டியிருந்தார்கள்.

பழைய மாணவிகளாகிய நாங்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் எங்களிடையே உண்டு. அந்த மன்றத்தில் இணையவழியாகவும் பதிவுசெய்து பங்குபற்றலாம். உங்களில் யாராவது போனால், "இங்கே வரமுடியாதவர் யார்? ஏன் வரமுடியவில்லை?" என்று முதலில் கேளுங்கள்.

வீட்டிலும் எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொரோனாக் காலத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிப் படித்தார்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை, வீட்டில் இணையம் இல்லாத எங்கள் மாணவிகளின் டேட்டா செலவுக்கு ஒதுக்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாம் ஆண்டு ஐந்து பிள்ளைகளின் செலவை நான் ஏற்கிறேன்.

எங்கள் வகுப்பு ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், நீங்கள் ஒவ்வொரு காலையும் கேட்ட கேள்வியை நாங்கள் மறக்கவில்லை.