கூட்டல் கழித்தல் பட்டன்

ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்றால் என்னவென்று இதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புதுக் கேமரா வாங்கியவருக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்! அதனால் அதை விடுகிறேன். 'எம் மோடில் எடுத்தால்தான் போட்டோகிராபர்' என்ற பேச்சையும் விடுகிறேன்; அது இன்றைய ஃபேஷன், அவ்வளவுதான். டயலை ஏ-யில் வையுங்கள். கேனானில் அது ஏவி. ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கட்டும். நான் பேச வந்தது ஒரே ஒரு பட்டனைப் பற்றி. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்ட, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அந்தச் சின்னப் பட்டன்.

கள்ளக்குறிச்சியில் என் ஸ்டுடியோவுக்கு ஒரு தம்பி வந்தார். கல்வராயன் மலையில் பெரியார் அருவியை எடுத்திருந்தார். பாறை தெரிகிறது, செடி தெரிகிறது, தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் வெறும் வெள்ளை. "அண்ணே, வேற லென்ஸ் வாங்கணுமா?" என்றார். "ஒண்ணும் வாங்க வேண்டாம் தம்பி, கழித்தல் ஒண்ணு வைங்க" என்றேன்.

ஏன்? கேமராவின் மீட்டருக்குப் பாறை எது, அருவி எது என்று தெரியாது. முன்னால் இருப்பதெல்லாம் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அளக்கும். படம் முழுக்கக் கரும்பாறையும் காடும் என்றால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். நடுவில் விழும் தண்ணீர் வெளுத்துவிடும். நிழலைப் பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். அடியோடு வெளுத்தது போனது போனதுதான். திரும்பவும் சொல்கிறேன்: கருப்பு நிறைந்திருந்தால் கழித்தல். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில், கருத்த மரத்தைக் கிட்டத்தில் எடுத்தாலும் இதே கணக்குதான்.

வெள்ளை நிறைந்திருந்தால் கூட்டல். சித்திரையில் கூவாகம் திருவிழாவில், தாலி அறுத்தபின் திருநங்கைகள் வெள்ளைப் புடவையில் இருப்பார்கள். அந்த வெயிலில் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். புடவை அழுக்காகத் தெரியும், முகம் கருத்துப்போகும். கூட்டல் ஒன்று வைத்தால் சரி. அதற்கு முன், எடுக்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். அழுகிறவர் முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஷட்டர் வைத்து அருவியைப் பால்போல் வழியவிடுகிறார்கள். எல்லா ஊர் அருவியும் ஒன்றாகிவிடுகிறது. எனக்கு 1/500 வினாடிதான் பிடிக்கும்; தண்ணீர் பாறையில் மோதித் துளித்துளியாகத் தெறிப்பது தெரிய வேண்டும். அழகில்லை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன், வெவ்வேறு கம்பெனிப் பாகங்களைக் கோத்துத் தானே சேர்த்த கேமராவை வைத்திருந்தார். வெளிச்சக் கணக்கை அவரேதான் போட வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கணக்கில் முக்கால்வாசியைக் கேமராவே போட்டுத் தருகிறது. மிச்சத்துக்குத்தான் இந்தப் பட்டன்.

கடைசியாக ஒன்று. மலையில் வைத்த கழித்தல், கீழே இறங்கிக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படியே இருக்கும். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் மாறாது. கச்சிராயபாளையம் வழியாக இந்த வாரம் மலை ஏறுகிறவர்கள், இறங்கியதும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.